ஹாலோவீன் மெழுகுவர்த்திக் கச்சேரி: வயலின் சுருதி தப்பியதா?

மேல்ஸ்தாயி: லண்டன் தேவாலயத்தில் நடந்த ஹாலோவீன் மெழுகுவர்த்திக் கச்சேரி பற்றி, "சான்-சான்ஸின் டான்ஸ் மகாப்ர் ஆரம்பத்திலேயே வயலின் சுருதி தப்பியது, காசு தண்டம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் 'மரண நடனம்'. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1874-இல் அந்த இசையை அமைத்த அவரே தனி வயலினின் ஈ தந்தியை, அதாவது மேல் தந்தியை, அரை சுரம் இறக்கச் சொல்லியிருக்கிறார். ஏ தந்தியை ஸட்ஜமாக வைத்தால் ஈ தந்தி பஞ்சமம். அதை அரை சுரம் கீழே பிரதி மத்யமத்துக்கு இறக்கி, பக்கத்து ஏ தந்தியோடு இரண்டையும் சேர்த்து இழுத்தால் காது கூசும். அந்த இசையின் கதைப்படி நள்ளிரவில் மரணம் கல்லறையில் உட்கார்ந்து பிடில் வாசிக்கிறது. கூசத்தான் வேண்டும்.

கடைசிவரிசை: சுருதி தப்பியது என்று எழுதியது நான்தான். அங்கே வாசித்தது நால்வர் குழு. முந்தைய உருப்படி முடிந்த கையோடு அதே வயலினில் தொடங்கினார். தந்தியை முறுக்கும் பிருடையைத் தொடவே இல்லை. இறக்காத தந்தியில் இறங்கிய சுரம் எப்படி வரும்?

மேல்ஸ்தாயி: கைதட்டும்போது திருகியிருப்பார். நீங்கள் கவனிக்கவில்லை.

கடைசிவரிசை: கண் கொட்டாமல் பார்த்தேன். திருகவில்லை.

தம்பூராக்காரன்: மெழுகுவர்த்தியே பேட்டரி விளக்குதானே? அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கடைசிவரிசை: பழைய மரக்கூரைக்கு அடியில் நிஜத் தீயை வைக்க எவன் விடுவான்? பிருடைக்கு வாருங்கள்.

மேல்ஸ்தாயி: தொடக்கத்தில் ஹார்ப் என்ற யாழ் போன்ற வாத்தியம் நள்ளிரவு மணி போல 12 முறை ஒலிக்கும். நால்வர் குழுவில் அதைத் தந்தியைச் சுண்டி வாசிப்பார்கள். அப்போதும் திருகலாம்.

கடைசிவரிசை: பன்னிரண்டு அடிக்குள் தந்தியை இறக்கி, சுருதியும் பார்த்துவிடுவாரா? வயலினைத் தொட்டிருக்கிறீர்களா ஐயா?

மேல்ஸ்தாயி: பதினேழு வருஷம் வாசித்தவனைக் கேட்கிற கேள்வியா இது? போன மார்கழியிலும் ஒரு வித்வானை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

நீலாம்பரி: தந்தியை இறக்காமலும் வாசிக்கலாமே. ஏ சுரத்தை டி தந்தியில் பிடித்து, மேல் சுரத்தை ஏ தந்தியில் பிடித்தால் போதும். விரல் வைக்காத திறந்த தந்தியின் கரகரப்பு மட்டும் வராது.

கடைசிவரிசை: அந்தக் கரகரப்புக்குத்தானம்மா காசு கொடுத்தேன்!

மேல்ஸ்தாயி: அப்படியானால் சுருதி தப்பவில்லை என்று ஆகிறது.

கடைசிவரிசை: தப்பியது என்பதால்தான் எழுதினேன்.

தம்பூராக்காரன்: ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'மொட்டை மலையில் ஓர் இரவு' கூட நிகழ்ச்சியில் இருந்ததாமே. அது ஜூன் 23, புனித யோவான் விழாவுக்கு முந்தைய இரவு. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனில் அதற்கு என்ன வேலை?

மேல்ஸ்தாயி: சூனியக்காரிகள் கூடுகிற இசை, ஹாலோவீனுக்குப் பொருந்தும். பேச்சை மாற்றாதீர்கள். ஈ தந்தியை இறக்கச் சொன்னது சான்-சான்ஸ். வாசித்தவரைக் குறை சொல்லுமுன் இசைக்குறிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

கடைசிவரிசை: பிரித்தாயிற்று. அதில் இருக்கிறது. அவர் கையில் இல்லை. திருகவில்லை என்றால் திருகவில்லை.

மேல்ஸ்தாயி: எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்? தூண் மறைத்ததா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.