அம்மாவின் சிறுநீரகமும் நான் பாதியாகக் குறைத்த மாத்திரையும்

சிறுநீரகம் பெற்றவர்:

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அம்மா தம் இடது சிறுநீரகத்தை எனக்குக் கொடுத்தார். அது இப்போது என் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், இடுப்பெலும்பின் குழிவில் இருக்கிறது. மல்லாந்து படுத்து விரல்களை மெல்ல அழுத்தினால் தோலுக்கு அடியில் அதன் விளிம்பு தட்டுப்படும். செயலிழந்த என் சொந்தச் சிறுநீரகங்களை எடுக்கவில்லை. அவை முதுகுப்புறத்தில் சுருங்கிப்போய் அப்படியே கிடக்கின்றன. அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று என் உடல் தாக்கி நிராகரிக்காதபடி தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வேண்டும்; காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் டாக்ரோலிமஸும் மைக்கோஃபீனோலேட்டும், காலையில் கூடுதலாக ஒரு பிரெட்னிசோலோனும் அன்றுமுதல் எனக்கு வழக்கமாகிவிட்டன. ரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் காலை டாக்ரோலிமஸைப் போடாமல் போவேன். முந்தின இரவு போட்ட மருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்.

ஐந்தாம் ஆண்டில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மருந்தே இல்லாமல் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு என்னைப் போலவே யோசிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும்.

அந்தச் செய்தி பொய்யல்ல. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தன. அமெரிக்க ஆய்வில் இடம்பெற்ற 25 பேர் ஓராண்டுக்கும் மேலாக மருந்தில்லாமல், சிறுநீரகச் செயல்பாடு குன்றாமல் இருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தில் தடுப்பாற்றல் அணுக்களில் ஒரு வகையான பி அணுக்களோடு தொடர்புடைய சில மரபணுக்கள் மற்ற நோயாளிகளிடம் இருப்பதைவிடத் தூக்கலாக இயங்கின. எனக்கோ அந்த ஐந்தாம் ஆண்டில் தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் கை நடுங்கியது, சர்க்கரை ஏறியிருந்தது, சிறுநீரகத்தைக் காக்கத் தரும் டாக்ரோலிமஸே ஆண்டுக்கணக்கில் அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தழும்பாக்கவும் கூடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஐந்தாண்டு காலம் ஒரு நிராகரிப்புகூட இல்லாமல் ஓடிவிட்டதே, நானும் அந்த 25 பேரைப் போன்றவன்தானோ என்று ஓர் இரவு தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் இரவு வேளையைப் பாதியாகக் குறைத்தேன்.

மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை, அல்லது நடந்தது எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. நிராகரிப்பு என்றால் உடம்பு ஏதாவது ஒரு வகையில் குரல் கொடுக்கும் என்று நம்பியிருந்தேன். என் விஷயத்தில் அது ஒரு சத்தமும் போடவில்லை. வழக்கமான பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.2-லிருந்து 2.3-க்கு ஏறியிருந்தது. பயாப்ஸியில், தடுப்பாற்றலின் தாக்கும் அணுக்களான என் டி அணுக்கள் அம்மாவின் சிறுநீரக நுண்குழல்களுக்குள் புகுந்திருப்பது தெரிந்தது. ரத்தத்தில், அணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறுபடும் எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களில் அம்மாவுடையவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமும் உருவாகியிருந்தது. மூன்று நாள் நரம்பு வழியாக மெத்தில் பிரெட்னிசோலோன் ஏற்றினார்கள். கிரியாட்டினின் 1.7 வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பழைய எண்ணைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. அருகில் வந்து உட்கார்ந்து, சட்டைக்கு மேலாகவே அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "இப்ப வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

பின்னால்தான் அந்த ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தேன். மருந்தில்லாமல் வாழ்ந்த அவர்களில் பெரும்பாலோர் திட்டமிட்டு நிறுத்தியவர்கள் அல்லர். தாங்களாகவே விட்டவர்களும், புற்றுநோய் போன்ற வேறு காரணத்தால் நிறுத்த வேண்டி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நிறுத்தியும் தப்பித்தவர்களைத்தான் ஆய்வு தேடியது. நிறுத்திச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் அவர்களைவிட மிகப் பலர். அவர்கள் அந்தக் கணக்கில் வராமல் டயாலிசிஸுக்குத் திரும்பிப் போனவர்கள். இந்த ஒன்றை அன்று யோசித்திருந்தால் என் கை அந்த மாத்திரையைப் பிட்டிருக்காது.

ஆய்வுக்கூடப் பணியாளர்:

உங்கள் பகிர்வைப் படித்தபின் என் வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மருந்தில்லாமலே மாற்று உறுப்பை உடல் ஏற்றுக்கொள்ளும் சகிப்புத்தன்மை என்பதும் மருந்தின் அடக்குமுறை என்பதும் வெவ்வேறு என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்த அன்றுதான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

சிறுநீரகம் பெற்றவரின் ரத்தத்திலிருந்து பிரித்த நிணநீர் அணுக்களை ஆய்வுத் தட்டின் இரண்டு சிறு குழிகளில் இடுவோம். ஒன்றில் கொடையாளரின் அணுக்களைச் சேர்ப்போம், மற்றொன்றில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவரின் அணுக்களைச் சேர்ப்போம். சேர்க்கும் அணுக்கள் தாமே பெருகிவிடாதபடி முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்திருப்போம். ஐந்தாறு நாள் கழித்துப் பார்க்கையில் சாதாரணமாக இரண்டு குழிகளிலும் அணுக்கள் பெருகித் திட்டுத் திட்டாகத் திரண்டிருக்கும். சகிப்புத்தன்மை வந்துவிட்ட ஒருவரின் மாதிரியிலோ மூன்றாமவர் குழியில் அதே திரள்கள் இருக்க, கொடையாளர் குழியில் அணுக்கள் தூவிய மணல்போலச் சிதறி அமைதியாகக் கிடந்தன. ஊரார் எல்லாரையும் எதிர்க்கும் வலிமை அப்படியே இருக்க, இந்த ஒருவரை மட்டும் தன்னவராக ஏற்றுக்கொண்ட உடல் அது. மாத்திரையால் அடங்கியிருக்கும் உடல் கிருமியையும் புற்றணுவையும் எதிர்க்கும் வலிமையில் ஒரு பகுதியைச் சேர்த்தே இழக்கிறது.

இந்த எண்ணத்தின் வேர் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது. கருவிலேயே ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள் வளர்ந்த பிறகும் ஒன்றன் ரத்த அணுக்களை மற்றொன்று சுமந்திருப்பதை 1945-இல் ரே ஓவன் வெளியிட்டார். 1953-இல் பீட்டர் மெடாவரும் அவருடைய சகாக்களும் கருவிலிருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேறு வகை எலியின் அணுக்களைச் செலுத்தி, அவை வளர்ந்த பின் அதே வகையின் தோலை ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். மறு ஆண்டு பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று மருந்தில்லாமலே நிலைத்ததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதே.

வளர்ந்த மனிதரிடம் அந்தச் சகிப்புத்தன்மையைக் கொண்டுவரும் வழியாக, ரத்த அணுக்கள் உருவாகும் இடமான எலும்பு மஜ்ஜையையும் கொடையாளரிடமிருந்து எடுத்துச் சிறுநீரகத்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.எல்.ஏ. பாதி மட்டுமே பொருந்திய உறவினரிடம் சிறுநீரகம் பெற்ற ஐந்து பேரில் நால்வர் மருந்தை முழுவதும் விட்டார்கள். ஐந்தாமவர் சிறுநீரகத்தை இழந்தார், அவரை வீழ்த்தியது ஆன்டிபாடி வழி வந்த நிராகரிப்பு. என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு: கொடையாளரின் ரத்த அணுக்கள் அந்நோயாளிகளிடம் சில வாரங்களிலேயே மறைந்துவிட்டன, ஏற்பு மட்டும் நிலைத்தது. அந்தச் சிறு காலத்தில் உடல் எதைக் கற்றுக்கொண்டது, கற்றதை எங்கே வைத்திருக்கிறது என்பதுதான் எங்கள் கூடத்தில் இன்றும் ஓயாத பேச்சு.

மற்றொரு வழி தடுப்பாற்றலின் தாக்குதலைக் கட்டுக்குள் வைக்கும், நோயாளியின் சொந்த ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பெருக்கித் திருப்பிக் கொடுப்பது. 1995-இல் இவ்வணுக்களை அடையாளம் காட்டிய ஷிமோன் சாகாகுச்சி 2025-இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். இவையும் வேறு சில ஒழுங்குபடுத்தும் அணுக்களும் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், அணுச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒரே ஒரு மருந்துக்கு இறங்கினார்கள். இது விடுதலை அல்ல, சுமைக் குறைப்பு. ஆனாலும் நோயாளிக்கு அது சின்ன விஷயமல்ல.

சிறுநீரகம் கொடுத்த அண்ணன்:

என் தங்கைக்கு நான் கொடுத்தேன். உடன்பிறந்தோரிடையே நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் எங்கள் இருவருக்கும் எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்திவிட்டது. அதனாலேயே, ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணுக்களான என் ரத்தத் தண்டணுக்களையும் சேர்த்துக் கொடுக்கும் ஓர் ஆய்வில் இணைய விருப்பமா என்று கேட்டார்கள். எனக்கு ஊசி போட்டு மஜ்ஜையிலிருந்து தண்டணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்து இயந்திரத்தில் பிரித்தெடுப்பார்கள். எலும்பெல்லாம் சில நாள் கடுக்கும், அவ்வளவுதான். நான் உடனே சம்மதித்தேன்.

தங்கை மூன்று நாள் கழித்து மறுத்தாள். கொடையாளரின் அணுக்கள் பெற்றவரின் தோலையும் குடலையும் கல்லீரலையும் திருப்பித் தாக்கும் நோய் ஒன்று உண்டு என்பதை ஒப்புதல் படிவத்தில் அவள் இரண்டு முறை படித்திருந்தாள். "அண்ணா, உன் சிறுநீரகத்தை என் உடம்பு ஏற்காவிட்டால் டயாலிசிஸுக்குத் திரும்பிப் போவேன். உன் ரத்தம் என் உடம்பை ஏற்காவிட்டால் எங்கே திரும்பிப் போவேன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதே தத்துவத்தில் நடந்த வேறொரு பெரிய ஆய்வு, அந்த நோய்க்கு ஆளான ஒருவர் இறந்தபின் 2023-இல் நிறுத்தப்பட்டதைப் பிறகு அறிந்தேன். அவளுடைய அச்சத்தைக் கோழைத்தனம் என்று மனத்துக்குள் நினைத்ததற்காக அன்று வருந்தினேன்.

ஆய்வுக்கூடப் பணியாளர்:

உங்கள் தங்கை கேட்டது ஆய்வாளர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். அந்தத் தாக்குதலை நடத்தும் டி அணு வகையைக் கொடையிலிருந்து முன்கூட்டியே நீக்கும் முறை இப்போது உண்டு. ஸ்டான்ஃபோர்டில் அரிய மரபுநோய் கொண்ட மூன்று குழந்தைகளுக்கு இவ்வாறு பெற்றோரின் தண்டணுக்களை முதலில் கொடுத்து, சில மாதங்கள் கழித்து அதே பெற்றோரின் சிறுநீரகத்தைப் பொருத்தியதில், மூவரும் மருந்தில்லாமல் இருப்பதாக 2022-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய தடுப்பாற்றலே கொடையாளருடையதாக மாறிவிட்டதால் எதிர்க்க யாருமில்லை. இதை எல்லா வயதினருக்கும் எளிதாகச் செய்துவிட முடியாது. ஆயினும் பாதை தெரிகிறது.

சிறுநீரகம் பெற்றவர்:

இருவருக்கும் நன்றி. என்னிடம் அம்மாவுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருப்பதால் இத்தகைய ஆய்வுகளில் எனக்கு இடம் கிடைப்பது அரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆன்டிபாடி இருக்கும்போது அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கலாம் என்றார்; அம்மாவும் தம் ரத்தத்தைக் கொடுக்க வருகிறார். நாளை மறுநாள் போகிறோம். என் காலை மாத்திரையை உறையில் போட்டு அம்மா இப்போதே தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஊசி எடுத்த மறு நிமிடம் அதைத் தாமே என் கையில் தருவாராம்.