'டிரேப்' என்பதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ஆடையியல் ஆசிரியை, ஈரோடு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரியின் பட்டமளிப்பு அங்கிகளை இம்முறை வாடகைக்கு எடுக்காமல் மகளிர் சுய உதவிக் குழுவிடம் தைக்கக் கொடுக்கிறோம். துணி எடுப்பதும் அவர்களே என்பதால் விவரத்தாள் தமிழில் வேண்டும். இழை, நெசவு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எல்லாம் எழுதியாயிற்று. 'டிரேப்' மட்டும் மாட்டிக்கொண்டது. துணி தன் எடைக்கே எப்படி மடிந்து தொங்குகிறது என்பதைக் குறிக்கும் சொல் அது. அங்கியின் முதுகில் நெருக்கமாகச் சுருக்கம் வைத்து மேல்பட்டியில் இணைக்கிறோம். துணி விறைப்பாக இருந்தால் முதுகு குடை மாதிரி உப்பிவிடும். அதனால் இந்த வரியை விட்டுவிடவும் முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

துவட்சி. வறள் வறட்சி ஆகிறது, திரள் திரட்சி ஆகிறது, துவள் துவட்சி ஆகிறது. இதற்கு மேல் விவாதம் தேவையா?

பொருநராற்றுப்படையில் பொருநனுக்குக் கிடைப்பது 'அரவுரி அன்ன அறுவை', அதாவது பாம்புச்சட்டை போன்ற ஆடை. பாம்புரி நுண்மைக்கு உவமை என்பார்கள். துவண்டு கிடப்பதற்கும்தான் என்பது என் துணிபு. (துணிபு, துணி இரண்டுக்கும் வேர் ஒன்றே. அறுத்தது அறுவை, துணித்தது துணி.) அங்கித் துணியையே 'அறுவை' என்று மீட்டெடுத்தால் என்ன?

மென்பொருளாளர், சென்னை

ஐயா, பட்டமளிப்பு விழாவில் அறுவைக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் ஆரம்பித்துவிடும். துவட்சி என்றால் எனக்குக் காய்ச்சலில் கிடப்பவர்தான் கண்ணில் வருகிறார். 'குழைவு' என்று வைக்கலாமே, கடையில் குழைவான துணி என்று கேட்கிறோமே.

தையற்கடைக்காரர், திருப்பூர்

குழைவு கைக்குத் தெரிவது, இவர் கேட்பது கண்ணுக்குத் தெரிவது. கனத்த ஃப்ளானல் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் ஜார்ஜெட் மாதிரி விழாது. நாங்கள் 'துணி நல்லா விழுது' என்போம். அவ்வளவுதான்.

ஈரோடு

அண்ணா, அதைப் பெயராக்கி 'விழுது' என்று எழுதினால் ஆலமரம் வந்து நிற்குமே!

தஞ்சாவூர்

விழல் என்றால் அதற்கு இறைத்த நீர். வீழ்வு என்றால் தோல்வி. படிவு நிலவியலுக்குப் போய்விட்டது. ஆக, துவட்சி.

இயற்பியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

ஒன்றைக் கவனிக்க வேணும். இதை அளக்க ஒரு கருவி இருக்கு. 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துணியை 18 செ.மீ. தட்டின் மேலே வைத்தால் ஓரம் மடிந்து தொங்கும். தட்டுக்கு வெளியே இருக்கிற வளையத்திலே எத்தனை விழுக்காட்டை அதன் நிழல் மூடுது என்பதே குணகம். துணி துவண்டால் நிழல் சிறுக்கும், எண் குறையும். எனவே 'துவட்சிக் குணகம் 80' என்று எழுதினால் வாசிக்கிற பெண் நல்லாத் துவளும் என்று நினைத்து விறைப்பான துணியை வாங்கி வருவா. பண்பின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாத, நடுநிலையான சொல் வேணும்.

தஞ்சாவூர்

குணகம் வடசொல். கெழு என்க. வள்ளுவரின் கெழுதகைமையை நினைவுகூர்க.

சென்னை

அந்தப் பெண்கள் கெழுவுக்கு அகராதி தேட வேண்டியிருக்கும். அது இருக்கட்டும், அங்கியே எதற்கு? 2010இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழாவில் அன்றைய ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2024இல் ஒன்றிய சுகாதார அமைச்சகமும் தன்கீழ் உள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்களில் கறுப்பு அங்கி வேண்டாம் என்றது. குளிர்நாட்டுக் கம்பளி உடையைப் பாலியஸ்டரில் தைத்து நம் வெயிலில் மாட்டுகிறோம்.

திருப்பூர்

அது சரியான பேச்சு. பருத்தி தன் எடையில் 8 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கூடவே ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் அரை விழுக்காடுகூடப் பிடிக்காது. வேர்வை உடம்பிலேயே நிற்கும். ஆனால் பருத்தி அங்கியை ஒரு வருடம் மடித்து வைத்து எடுத்துப் பாருங்கள், இஸ்திரி போடவே ஆள் வைக்க வேண்டும். மறுபடி மறுபடி உடுத்துவதென்றால் பளபளப்பில்லாத பாலியஸ்டர் கிரேப்தான் (பரப்பில் பொடிச் சுருக்கம் உள்ள துணி) என் தேர்வு. சாட்டின் வேண்டாம், கேமரா வெளிச்சத்தில் மின்னும். சாட்டின் என்பது நெசவின் பெயர், இழையின் பெயரல்ல. தாளில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

ஈரோடு

நன்றி அண்ணா, கிரேப் என்றே எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னதும் நியாயமாகப் படுகிறது. 'விழும் பாங்கு' என்று போட்டு, எதிரே 'தளர்வு, நடுத்தரம், விறைப்பு' என்று மூன்று கட்டம் வைக்கிறேன். குணகமும் இல்லை, கெழுவும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

சென்னை

சரி.

திருப்பூர்

சரிங்க. மாதிரித் துணி ஒரு முழம் தாளோடு பின் பண்ணிக் கொடுங்கள், அது போதும்.

யாழ்ப்பாணம்

ஓம், பரவாயில்லை.

தஞ்சாவூர்

'விழும் பாங்கு' சொற்றொடர், சொல் அன்று. நாளை 'டிரேப் ஆகக்கூடிய', 'டிரேப் ஆகாத' என்றெல்லாம் வரும்போது அதை வைத்து எப்படி ஆக்குவீர்கள்? என் மறுப்பைப் பதிவு செய்க. அடுத்து, அங்கிக்கு மேல் தோளில் மாட்டி முதுகில் தொங்கவிடும் அந்த ஹூட் என்பதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? முக்காடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.