மறு: [கலைச்சொல்] டியூப் மேகசின், தமிழ்ல என்ன? திங்கக்கிழமை குடுக்கணும்

அம்மாபேட்டையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பழைய அமெரிக்கத் துப்பாக்கி பத்தின ஆவணப்படத்துக்கு டப்பிங் எழுதிட்டு இருக்கேன். வின்செஸ்டர் 1873, 1894 மாதிரி லீவர் ரைஃபிள்ல (கீழ இருக்கற நெம்புகோல ஆட்டி அடுத்த தோட்டாவ ஏத்தற துப்பாக்கி) பேரலுக்கு அடியில இன்னொரு குழாய் நீளமா ஓடும், தோட்டா எல்லாம் அதுக்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணா படுத்திருக்கும், முன்னாடியிருந்து ஸ்பிரிங் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தக் குழாய்தான் டியூப் மேகசின், அதுக்கு "குழல் அறை"ன்னு எழுதினேன். இரட்டைக்குழல் துப்பாக்கின்னா குழல் பேரலைத்தானே சொல்லுது, கேக்கறவங்க பேரல்லயே தோட்டாவ அடுக்கறதா நெனைச்சுக்குவாங்கன்னு எடிட்டர் திருப்பிட்டாரு. நியாயந்தான். உதவுங்க, வார்த்தை சின்னதா இருக்கணும், ரெண்டு செகண்டுதான் இடம்.

ஆத்தூரிலிருந்து:
அம்மா, இதுக்கு ஏன் அலையணும்? தூணி இருக்கே. அம்பு வைக்கிற கூடு. அம்பறாத்தூணி, அம்பு அறாத தூணி, "அறா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சுடச்சுட அடுத்தது வந்து நிக்கிற கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பேரு வேற மொழியில கிடைக்காது. தோட்டாங்கிற சொல்லையும் விட்டுடுங்க, அது வடக்கேருந்து வந்தது.

கருப்பூரிலிருந்து:
ஐயா, தோட்டாவ விட்டா துப்பாக்கியையும் விடணும், அதுவும் துருக்கியிலேருந்து வந்ததுன்னு சொல்றாங்க. அப்புறம் எதைப் பத்தி டப்பிங்? இங்க வெள்ளைக்கல் சுரங்கத்துல மேகசின்னா வெடிமருந்து வைக்கிற கட்டடம். மூலம் அரபிச் சொல்லு, மக்ஸன், கிடங்குன்னு அர்த்தம், வாரப் பத்திரிகையும் அதே வழியா வந்ததுதான். "கிடங்குக் குழாய்"னு வைக்கலாமா?

ஏற்காட்டிலிருந்து:
பேரு அப்புறம், எச்சரிக்கைய முதல்ல பாருங்க சார். காப்பித் தோட்டத்துல ராத்திரி காட்டுமாடு வந்தா மூணு கட்டை டார்ச் எடுத்துட்டுப் போவோம். உள்ள கட்டைங்க எப்படி நிக்குது? ஒண்ணோட மூக்கு முன்னாடி இருக்கறதோட அடியில முட்டிட்டு நிக்கும். இந்தக் குழாய்லயும் அதே கதைதான், ஆனா இங்க தோட்டாவோட அடிநடுவுல பிரைமர் இருக்கு, குத்தினா தீப்பிடிச்சு தோட்டாவ வெடிக்க வைக்கிற சின்ன மூடி. தோட்டா நுனியில இருக்கற குண்டு ஊசிமுனையா இருந்தா, சுடும்போது துப்பாக்கி பின்னால உதைக்கிற உதைல அந்த முனை முன்தோட்டாவோட பிரைமர்ல குத்தி குழாய்க்குள்ளயே வெடிச்சிரும். இடது கை அதுமேலதான் இருக்கும். அதனாலதான் .30-30ங்கற லீவர் ரைஃபிள் தோட்டாவுக்கெல்லாம் மூக்கு தட்டையா, இல்ல உருண்டையா இருக்கற குண்டு. பொடி .22 தோட்டாவுக்கு அந்தத் தீப்பிடிக்கிற மருந்து விளிம்புல இருக்கறதால அந்தக் கவலை கெடையாது.

அம்மாபேட்டையிலிருந்து:
அண்ணா, டார்ச்சு கட்டை அப்படியே ஸ்கிரிப்ட்ல போயிருச்சு, நன்றி. தட்டை மூக்குக்கு "சப்பமூக்கு", ஊசிமுனைக்கு "கூர்மூக்கு"ன்னு வெச்சுட்டேன், யாரும் திட்டாதீங்க. பிரைமருக்கு எடிட்டரு "எரியூட்டி"ங்கறாரு, எனக்கென்னவோ அது சுடுகாட்டு வாடையா இருக்கு.

கருப்பூரிலிருந்து:
பொட்டு! தீபாவளிக்குப் பசங்க வெடிக்கிறது பொட்டுவெடிதானே. தோட்டாவத் திருப்பிப் பாத்தா நெத்தியில பொட்டு வெச்ச மாதிரியே நடுவுல வட்டமா இருக்கும்.

ஆத்தூரிலிருந்து:
பொட்டு நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். தூணிக்கு வருவோம். தூணி ஒரு முகத்தலளவையும்கூட, நாலு மரக்கால் ஒரு தூணி. தொல்காப்பியரே பதக்கையும் தூணியையும் புணர்த்து விதி சொல்லியிருக்கார். அளவு, கொள்கலன், அம்புக்கூடு மூணும் ஒரே சொல்லுல

ஏற்காட்டிலிருந்து:
ஐயா மன்னிக்கணும், தூணின்னு டிவில வந்தா எங்க ஆளுங்க தூணுன்னுதான் கேப்பாங்க. பேரலுக்கு அடியில இருக்கற குழாய், பேசாம "அடிக்குழாய்"னு வைங்க.

கருப்பூரிலிருந்து:
அடிக்குழாயா? தெருமுக்குல குடத்தோட வரிசை கட்டி நிக்கணுமா? ஆனா யோசிச்சா அதுவும் நெம்புனாத்தான் வருது, இதுவும் நெம்புனாத்தான் வருது :)

அஸ்தம்பட்டியிலிருந்து:
ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு இருந்தேன், ஒண்ணு சொல்லிக்கறேன். எல்லா லீவர் துப்பாக்கிக்கும் கூர்மூக்கு ஆகாதுன்னு எழுதிடாதீங்க. வின்செஸ்டர் 1895ல குழாயே கெடையாது, பெட்டி மேகசின், தோட்டா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி இருக்கும், கூர்மூக்கு தாராளமா போடலாம். லீவர் இல்லாத பிரெஞ்சு லெபெல் 1886ல குழாய் உண்டு, 1898ல அதுக்குக் கூர்க்குண்டும் வந்துச்சு, தோட்டா அடியில பொட்டைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், பின்தோட்டா மூக்கு அதுல உக்காந்துக்கும், பொட்டு மேல படாது. இப்ப ஹார்னடி கம்பெனி மூக்கையே ரப்பர் மாதிரி மெத்துனு பண்ணி விக்குது. அதனால தப்பு லீவர்ல இல்ல, குழாய்ல.

அம்மாபேட்டையிலிருந்து:
இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்! "லீவர் துப்பாக்கியில் கூர்மூக்கு போடாதீர்"னு ரெக்கார்டிங்கே முடிஞ்சுது, மறுபடி கூப்பிட்டு "குழாயில்"னு மாத்தச் சொல்லியிருக்கேன். கடைசியா பேரலுக்குக் குழல், மேகசினுக்குத் "தோட்டாக் குழாய்". மூணு பேரு சரின்னாங்க, ரெண்டு பேரு பதிலே போடல, அனுப்பிட்டேன்.

ஆத்தூரிலிருந்து:
குழல், குழாய் ரெண்டும் ஒரே வேர். குழப்பம் தீரலை, இடம் மாறியிருக்கு. என் ஓட்டு தூணிக்கே.