சைக்கடெலிக்: ‘உளங்காட்டி’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் தொடக்ககாலப் பாடகர் சிட் பாரெட்டைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. எல்எஸ்டி போன்ற மருந்துகள் தரும் அனுபவத்தை ஒலியில் கொண்டுவர முயன்ற 1960களின் ‘சைக்கடெலிக் ராக்’ இசையைத் தமிழில் எப்படி எழுதுவது? ராக் அப்படியே இருக்கட்டும். ‘பாறை இசை’ என்றால் யாருக்கும் விளங்காது. சிக்கல் முன்சொல்லில்தான்.

இதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே நண்பர்கள் இதுவரை பரிந்துரைத்தவை ‘மருட்சி இசை’, ‘போதையிசை’ இரண்டும். இரண்டுக்கும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் மருட்சி. ஆங்கிலச் சொல்லை 1956இல் உருவாக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில். எல்எஸ்டி, மெஸ்கலின் போன்ற, மனநிலையை மாற்றும் மருந்துகளுக்கு மருத்துவர்கள் அதுவரை வைத்திருந்த பெயர் சித்தப்பிரமையை ஒட்டியது. அது போதாது என்றுதான் உள்ளம், வெளிப்படுத்து என்ற பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். நாம் ‘மருட்சி’ என்றால் அவர் வேண்டாம் என்று விலக்கிய பொருளுக்கே திரும்பிப் போகிறோம்.

‘போதையிசை’ இன்னும் மோசம். அந்த ஒலிகளில் பெரும்பகுதி ஸ்டுடியோ உழைப்பு. 1966 ஏப்ரலில் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில், பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் தன் குரல் மலையுச்சியிலிருந்து ஓதுவதுபோல் கேட்க வேண்டும் என்றார். ஹாமண்ட் ஆர்கனோடு சேர்த்துப் பயன்படுத்தும் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் குரலைச் செலுத்தி அதைச் செய்துகாட்டியவர் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். அப்போது அவருக்கு வயது 20. இந்தக் கைவேலையைப் போதைக் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

அப்புறம் அந்த மனிதர்கள். பிங்க் ஃபிளாய்டின் 1967 முதல் ஆல்பத்தில், பிரிட்டன் பதிப்பில், 11 பாடல்கள். எட்டு பாரெட் தனியாக எழுதியவை. 1968 ஏப்ரலில் குழுவில் அவர் இல்லை. 1970இல் இரண்டு தனி ஆல்பங்கள். 1975 ஜூனில் தலையும் புருவமும் மழித்த ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றபோது பழைய தோழர்களுக்கே உடனே அடையாளம் தெரியவில்லை. பிறகு கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என்று ஒதுங்கி வாழ்ந்து 2006இல் இறந்தார். எல்எஸ்டிதான் அவரைச் சிதைத்ததா, மனநோய் தானாக வந்ததா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ‘போதையிசைக் கலைஞர்’ என்று தொடங்கினால் கட்டுரையின் முதல் வரியே தீர்ப்பு எழுதிவிடும். அமெரிக்க ராக் பாடகர் ராக்கி எரிக்சன் இன்னொருவர். அவருடைய டெக்சஸ் குழு 1966இலேயே ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை ஆல்பத்தின் பெயரில் வைத்தது. 1969இல் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகி, சிறைக்குத் தப்ப மனநிலை சரியில்லை என்று வாதாடியதில், 1972 வரை மனநல மருத்துவமனையில் அடைபட்டார். போதை என்ற முத்திரை எவ்வளவு கொடியது என்பதற்கு அவர் வாழ்க்கையே போதும்.

என் பரிந்துரை ‘உளங்காட்டி’. திசைகாட்டி, நாட்காட்டி போன்ற அமைப்பு. உள்ளதை வெளியே தெரியவைப்பதற்குக் ‘காட்டு’ என்ற வினை நமக்குப் பழையது. ‘நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்பது குறள். மருந்துக்கு உளங்காட்டி, இசைக்கு உளங்காட்டு ராக்.

மறுமொழி:

சொல் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் ‘உளங்காட்டு ராக்’ என்று வாசித்ததும் எனக்குக் காடுதான் வந்தது. காட்டுப்பூனை, காட்டுவழி மாதிரி. இன்னொன்று, வானொலியில் சொன்னால் ‘உளங்காட்டி’யைக் கருவி என்று நினைக்க மாட்டார்களா?

மறுமொழி:

காடு எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் சொல்வது சரி. ‘உளங்காட்டு’ வேண்டாம், இசைக்கும் ‘உளங்காட்டி ராக்’ என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலும் மருந்துக்கும் இசைக்கும் ஒரே சொல்தான். கருவி என்று நினைப்பது பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ளத்தைக் காட்டும் கருவியாகத்தான் ஆஸ்மண்ட் அந்த மருந்துகளைப் பார்த்தார். கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘சைக்கடெலிக் எனப்படும் உளங்காட்டி ராக்’ என்று எழுதுகிறேன். வேறு சொல் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.