திருப்பித் தந்த காசு எந்த நாளின் டொலர் விலையில்?

காலிவீதி:
நேற்று வேறொரு இழையில் ரிக்கெட்மேசை எழுதியதை வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இது: "கப்பல் சுற்றுலா ரத்தானதால் கொழும்பில் யாரும் காசை இழக்கவில்லை. நிபந்தனைகளை வாசிக்காதவர்கள்தான் இழந்தார்கள்."

என் அப்பா அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் இருந்து புறப்பட இருந்த கப்பல். ஜனவரியில் கொழும்பில் ஒரு முகவரிடம் முழுக் காசையும் ரூபாயில் கட்டினார்கள். அன்று டொலர் 180 சொச்சம். மார்ச்சில் உலகம் முழுக்கப் பயணிகள் கப்பல்கள் நின்றுவிட்டன. கொம்பனி இரண்டு வழி சொன்னது. கட்டிய காசை அப்படியே வாங்கலாம், அல்லது அடுத்த பயணத்தில் கழிக்க, கட்டியதில் 125 வீதம் பெறுமதியான கிரெடிட் எடுக்கலாம். "கிரெடிட்டை எடுங்கள், கால்பங்கு லாபம்" என்று முகவர்தான் சொன்னார். எடுத்தார்கள். அதை வைத்துப் பதிந்த பயணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகின. கடைசியில் 2022 நடுப்பகுதியில், முதலில் கட்டிய தொகையைக் காசாகவே தருகிறோம் என்று கொம்பனி அறிவித்தது. முகவர் கையில் தந்தது 2020 ஜனவரிக் கணக்கில். தந்த அன்று டொலர் 360.

மற்றப் பாதி எங்கே? நிபந்தனைகளை வாசித்த ரிக்கெட்மேசை சொல்லட்டும்.

ரிக்கெட்மேசை:
நான் பயண முகவர் நிலையத்தில் ரிக்கெட் மேசையில் இருந்து வேலை செய்தவன். இதைக் கேட்டு வந்தவர்களுக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறேன், உங்களுக்கும் விளக்குகிறேன். ரூபாயில் கட்டினால் ரூபாயில் திரும்பும். பற்றுச்சீட்டில் என்ன நாணயம் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கும் முகவருக்கும் உள்ள ஒப்பந்தம். டொலர் 150க்கு இறங்கியிருந்தால், "பரவாயில்லை, குறைத்துத் தாருங்கள்" என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பாரா?

காலிவீதி:
கேட்டதற்குப் பதில் இல்லை. கொம்பனி திருப்பியது 2022இல், டொலரில். அந்த டொலரை முகவர் எந்த நாளின் விலைக்கு மாற்றினார்?

ரிக்கெட்மேசை:
மாற்றவே இல்லை என்றால்? கப்பல் கொம்பனி முகவருக்குக் காசை அனுப்பும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? பெரும்பாலும் முகவரின் கணக்கில் வரவு வைப்பார்கள். அடுத்த பதிவுகளில் அது கழிந்து போகும். கொழும்புக்கு ஒரு டொலர்கூட வராது. 2022இல் வங்கியில் டொலர் கிடைத்ததா? மருந்துக்கும் எரிவாயுவுக்கும் இல்லாத டொலரை முகவர் எங்கே போய் எடுப்பார்?

காலிவீதி:
அடுத்த பதிவில் கழிந்தது என்றால், அடுத்த பயணியிடம் 360 கணக்கில் ரூபாய் வாங்கி, கொம்பனிக்குக் கட்ட வேண்டிய இடத்தில் என் அப்பாவின் டொலரை வைத்தார் என்றுதானே அர்த்தம்? வாங்கியது 360இல், தந்தது 180இல். நடுவில் உள்ளது யாருடைய காசு?

சட்டப்புத்தகம்:
ஒரு அடிப்படைக் கேள்வி. முகவர் என்பவர் யாருடைய ஆள்? கொம்பனியின் சார்பில் விற்கிறவரா, பயணியின் சார்பில் வாங்கிக் கொடுக்கிறவரா? அதைத் தீர்மானித்தால் டொலர் கேள்விக்குத் தானாகவே விடை வரும்.

காலிவீதி:
அதெல்லாம் பிறகு பார்க்கலாம். எந்த நாளின் விலை? இதற்கு ஒரு வரியில் பதில் வேண்டும்.

வாசுகி_தெஹிவளை:
ரிக்கெட்மேசை அண்ணா, நிபந்தனைகளை வாசித்தவர்களும் காசை இழப்பார்கள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் பதிந்தேன். 2024 வசந்த காலத்தில் துபாயில் ஏறி, சூயெஸ் வழியாக இத்தாலியில் இறங்கும் பயணம். செங்கடலில் யேமனின் ஹூதிப் படைகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு கொம்பனி அதை ரத்துச் செய்தது. அந்த வருடம் பல கப்பல்கள் பயணிகள் இல்லாமலேயே ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. கப்பல் காசு முழுவதும் திரும்பி வந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விமான ரிக்கெட்டை நான் தனியாக வாங்கியிருந்தேன், அது போனது. இத்தாலி தந்த ஷெங்கன் விசாவும், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவும், போனது. விசாக் கட்டணம் அப்போது 80 யூரோ, 2024 ஜூனில் இருந்து 90. அதை எந்தத் தூதரகமும் திருப்பித் தராது, எந்தக் கொம்பனியும் ஏற்காது.

பிறகு அவர்கள் மாற்றாகக் காட்டிய பயணம் ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, துருக்கியின் குஷாதாசிக்குப் போய், மறுபடி கிரேக்கத் தீவுகளுக்கு வருவது. துருக்கி ஷெங்கனுக்கு வெளியே. ஒரு தடவை மட்டும் நுழையும் விசா என்றால் திரும்பி வரும்போது உங்களுக்கு வழி இல்லை. பல தடவை நுழையும் விசா கேட்க வேண்டும், அதையும் இம்முறை கிரேக்கத்திடம் கேட்க வேண்டும். நம் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு "வேறு திகதிக்கு மாற்றித் தருகிறோம்" என்பதைக் கேட்டால் பயம்தான் வருகிறது. ஐரோப்பியருக்கு அது திகதி மாற்றம். நமக்குப் புது விண்ணப்பம், புது வங்கிக் கணக்கறிக்கை, விண்ணப்ப நிலையத்தில் இன்னொரு நாள்.

இதைத் தொலைபேசியில் சொன்னால் அழைப்பு நிலையத்தில் இருக்கிற பிள்ளைக்கு விளங்கவே இல்லை. நள்ளிரவு வரை காத்திருந்து கதைத்தால் ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்த இரவு கதைப்பவர் அப்படி ஒரு குறிப்பே இல்லை என்பார். கதைத்தவரின் பெயர், நேரம் எல்லாவற்றையும் எழுதி, உடனே மின்னஞ்சலில் "நீங்கள் இன்று சொன்னது இது" என்று அனுப்பி வைத்த பிறகுதான் அலுவல் நகர்ந்தது. பதிகிற எல்லோரும் இதை முதல் நாளில் இருந்தே செய்யுங்கள்.

காலிவீதி:
அக்கா, நீங்கள் பட்ட பாடு உண்மை. உங்கள் காசு எந்த நாளின் விலையில் வந்தது?

வாசுகி_தெஹிவளை:
என் தம்பியின் வெளிநாட்டு அட்டையில் கட்டியதால் டொலரிலேயே வந்தது.

காலிவீதி:
பார்த்தீர்களா? டொலரில் கட்டியவருக்கு டொலர். ரூபாயில் கட்டியவருக்குப் பாதி. இதைத்தான் கேட்கிறேன்.

ரிக்கெட்மேசை:
இதைத்தான் நானும் முதல் பதிவிலேயே சொன்னேன். கட்டிய நாணயம் எதுவோ அது.

நெய்தல்:
ஏன் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடுகிறீர்கள்? 2023 ஜூனில் சென்னையில் இருந்து கொர்டேலியா கொம்பனியின் எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தது. அன்று காங்கேசன்துறையில் நின்று பார்த்தவன் நான். போர்க்காலத்தைக் கடந்து வந்த துறைமுகத்துக்கு அப்படி ஒரு கப்பல் வந்தபோது வயதானவர்கள் கண்கலங்கினார்கள். நாகபட்டினத்துக்கும் இப்போது கப்பல் ஓடுகிறது. நம் கடலில் போகிற கப்பலைப் பற்றிக் கதையுங்கள்.

மாலுமி மாமா:
நாகபட்டினத்துக்கு ஓடுவது படகுச் சேவை. ஏறி, நாலு மணித்தியாலம் இருந்து, இறங்குவது. அதையும் உல்லாசக் கப்பலையும் ஒன்றாக்க வேண்டாம்.

நெய்தல்:
கடலில் காசு கொடுத்துப் போனால் கப்பல்தான் மாமா. அதுவும் ரத்தாகிறது. 2023 ஒக்டோபர் 14 தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. ஆனால் அங்கே யாரும் 125 வீதம் என்று ஆசை காட்டுவதில்லை.

காலிவீதி:
நெய்தல், வெள்ளவத்தை வீட்டு வாடகை இழையிலும் இப்படித்தான் யாழ்ப்பாணத்து வீட்டைக் கொண்டுவந்து நடுவில் போட்டீர்கள். அந்த இழை அதோடு செத்தது. இதையும் சாகடிக்காதீர்கள்.

நெய்தல்:
அந்த இழையைச் சாகடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முற்பணம் எத்தனை மாதம் என்ற ஒரே கேள்வியை விடிய விடியக் கேட்டது நானா?

மாலுமி மாமா:
நான் கொட்டாஞ்சேனை. பயணிகள் கப்பலில் சமையலறைப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் பயணியின் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். 2020இல் கப்பல்கள் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்ட ஊழியர்கள் மாதக்கணக்கில் கரையைத் தூரத்தில் இருந்தே பார்த்தார்கள். அந்த ஏப்ரலில் எம்எஸ்சி மக்னிஃபிகா என்ற பயணிகள் கப்பல் கொழும்புப் பக்கம் வந்தபோது, அதில் வேலை செய்த நம் நாட்டுச் சமையல்காரர் ஒருவர் தன்னை இறக்கச் சொல்லி முகநூலில் காணொளி போட்டார். கடற்படை போய் அவரை இறக்கிக் கொண்டுவந்தது. அது நம் எல்லோருக்கும் பெருமையான நாள்.

அப்புறம், நிபந்தனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போனால் பயணிக்குக் கிடைப்பது அந்தத் துறைமுக வரி மட்டும்தான். கப்டன் பாதுகாப்புக் காரணம் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. காற்று எப்படி அடிக்கிறது என்று மேல்தளத்தில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

ரிக்கெட்மேசை:
நன்றி ஐயா. இதைத்தான் வாசியுங்கள் என்கிறேன். கொம்பனி ரத்துச் செய்தால் முழுக் காசு. நீங்கள் ரத்துச் செய்தால், நாள் நெருங்க நெருங்க வெட்டு கூடும். கடைசி வாரங்களில் ஒன்றும் மிஞ்சாது. மீதிக் காசு கட்டும் கெடு பல கொம்பனிகளில் புறப்பாட்டுக்கு 90 நாள் அளவில் வரும். கப்பல் ரத்தாகப் போகிறது என்று செய்தி கேட்டதும் பதறி முதலில் நீங்களே ரத்துச் செய்யாதீர்கள், கொம்பனி அறிவிக்கும் வரை பொறுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை குடும்பம் காசை விட்டது என்று மேசையில் இருந்த எனக்குத் தெரியும்.

காலிவீதி:
எங்கள் விஷயத்தில் கொம்பனிதான் ரத்துச் செய்தது. நிபந்தனைப்படி முழுக் காசு. முழுக் காசு என்றால் எந்த நாளின் முழுக் காசு?

சட்டப்புத்தகம்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முகவர் யாருடைய ஆள்? அமெரிக்காவில் 2022இல் வந்த விதிப்படி பயணம் ரத்தானாலோ மூன்று நாள் தாமதித்தாலோ பயணி காசைக் கேட்கலாம், ஆனால் அது அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுகிறவருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதிச் சுற்றுலா (பயணம், தங்குமிடம் எல்லாம் ஒன்றாக விற்பது) ரத்தானால் 14 நாளில் திருப்ப வேண்டும். சிங்கப்பூரில் ஏற இருந்த கொழும்புப் பயணிக்கு இவை இரண்டும் உதவாது. நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுக்கலாம். முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பார்த்தீர்களா?

காலிவீதி:
பதிந்தவர்தான். நாங்கள் எழுத்தில் கேட்டுக்கொண்டு இருக்கும்போதே கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ரிக்கெட்மேசை இவர்களுக்காகத்தான் இத்தனை வரி எழுதுகிறார்.

ரிக்கெட்மேசை:
பூட்டிய கடைகளில் வேலை செய்தவர்களும் குடும்பக்காரர்கள்தான். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி, மூன்றும் அடுத்தடுத்து வந்தன. சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் பயணிகளின் தொலைபேசிக்குப் பதில் சொன்னவன் நான். "கள்ளன்" என்று கேட்டுக்கொண்டே அவர்களின் கிரெடிட்டைக் காலாவதியாகாமல் நீட்டிக் கொடுத்தேன். இப்போது நீங்கள் என்னை அந்த முகவரோடு சேர்ப்பதை ஏற்க மாட்டேன்.

காலிவீதி:
உங்களைக் கள்ளன் என்று நான் எழுதவில்லை. "யாரும் இழக்கவில்லை" என்று எழுதியது நீங்கள். என் அப்பா ஓய்வூதியக்காரர். அம்மாவுக்குக் கடலில் போக வேண்டும் என்று ஆசை, அதற்காக வருடக்கணக்கில் சேர்த்த காசு. அதில் பாதி எப்படி முகவருடையதாகும்?

வாசுகி_தெஹிவளை:
கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாமே? கிடைக்காத சேவைக்கு, அது கிடைக்க இருந்த நாளில் இருந்து 120 நாளுக்குள் கேட்கலாம் என்று என் வங்கியில் சொன்னார்கள்.

ரிக்கெட்மேசை:
இங்கே அவர்கள் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டார்கள், அக்கா. ஏற்ற பிறகு வங்கி அந்த ஆட்சேபத்தைத் திருப்பி அனுப்பும்.

காலிவீதி:
அப்பா கட்டியது காசோலையில். அட்டைக் கதை இங்கே வேண்டாம்.

நெய்தல்:
மாலுமி மாமா, படகுச் சேவை என்று சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை நீங்கள்.

மாலுமி மாமா:
பெற மாட்டேன் தம்பி. படுக்க அறை இல்லாததை நான் உல்லாசக் கப்பல் என்று சொல்லப் போவதில்லை.

ரிக்கெட்மேசை:
காலிவீதி, ஒரே கேள்வியை இத்தனை தடவை கேட்கிறீர்கள். அந்தப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். அதில் டொலர்த் தொகையும் மாற்று விகிதமும் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். வெறும் ரூபாய் என்றால் இல்லை.

காலிவீதி:
டொலர்த் தொகை எழுதியிருக்கிறது. பக்கத்தில் ரூபாயும் இருக்கிறது. படம் போட மாட்டேன், அப்பாவின் பெயரும் வீட்டு முகவரியும் அதில் இருக்கின்றன.

ரிக்கெட்மேசை:
மறைத்துவிட்டுப் போடலாம். போடாதவரை நான் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்.

காலிவீதி:
டொலர் எழுதியிருக்கிறது என்று சொன்ன பிறகும் மாற்ற மாட்டீர்கள் என்றால், படம் போட்டாலும் மாற்ற மாட்டீர்கள். எந்த நாளின் விலை என்று சொல்லுங்கள், அடுத்த நிமிடம் போடுகிறேன்.