நார்சிசம்: எங்கிருந்து வந்தது, எப்போது கோளாறு?

அல்சூர் வாசகி:
இங்கே பெங்களூரு ஐ.டி. ஆபீஸ்களில் செல்ஃபி போடுபவர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் 'நார்சிஸ்ட்' (தன்மேலேயே மயங்கிக் கிடப்பவர்) பட்டம்தான். இந்தக் கருத்தின் மூலம் எது? எந்தக் கட்டத்தில் அது கோளாறு ஆகிறது?

பழங்கதை:
மூலம் கிரேக்கக் கதை. பரவலானது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன வடிவம்: தன்னைக் காதலித்த வனதேவதை எக்கோவை உதறிய நார்சிசஸ், நீரில் தெரிந்த தன் பிம்பத்தின் மேல் ஆசைப்பட்டு உருகிப்போகிறான். அது தன் உருவம் என்றே முதலில் அவனுக்குத் தெரியாது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 1898-ல் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் இதை உளவியலுக்குள் இழுத்தார். 1899-ல் ஜெர்மன் மனநல மருத்துவர் பால் நேக்கெயும் இதைக் கையாண்டார். 1914-ல் உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபிராய்டு இதைக் குழந்தை வளர்ச்சியின் இயல்பான கட்டமாகவும் பார்த்தார். வசவாக மாறியதெல்லாம் பிற்பாடு.

மனநலம்_படி:
கோளாறு என்பது வேறு கணக்கு மேடம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் நார்சிச ஆளுமைக் கோளாறுக்கு 1980-ல்தான் தனி இடம் கிடைத்தது. இப்போது 9 அடையாளங்களில் குறைந்தது 5 வேண்டும்: தற்பெருமை, பாராட்டுக்கு ஏங்குவது, பிறர் வலி உறைக்காதது போன்றவை. இளமையிலேயே தொடங்கி, வீடு, வேலை என்று எங்கும் நீடிக்க வேண்டும். செல்ஃபி அந்தப் பட்டியலிலேயே இல்லை! மேனியாவில் (அளவு மீறிய உற்சாகம் பொங்கும் மனநோய்க் கட்டம்) வரும் பெருமிதம் அந்தக் கட்டம் தணிந்ததும் அடங்கிவிடும். அதை இதோடு குழப்பக் கூடாது.

ஜெயநகர் 4:
ஒரு சேர்க்கை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. ஆளுமைக் கோளாறு எவ்வளவு தீவிரம் என்றுதான் பார்க்கிறார்கள். ஆன்லைன் வினாத்தாள் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். நம்ம ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் நேரில் பேசித்தான் முடிவு செய்வார்கள்.