42 ஏக்கர் கண்மாய்: 200 மணி நேர இயந்திரத்தை எங்கே செலவிடுவது, மூன்று ஆண்டு எதை அளப்பது?

மேலமடை (கேள்வி)

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த கண்மாய். நீர்ப்பரப்பு 42 ஏக்கர், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) சுமார் 90 ஏக்கர், இரண்டு மடை (பாசன நீர் திறக்கும் வழி), ஒரு கலுங்கு (உபரி நீர் வழிந்தோடும் கல் அமைப்பு). கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் 1.8 கிலோமீட்டர், நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 5 சதுர கிலோமீட்டர். உள்வாயில் (கண்மாயின் உட்பரப்பில்) பாதிக்கு மேல் சீமைக் கருவேலம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் கண்மாய் பெருகுவதில்லை.

நன்கொடையாக 200 மணி நேரம் ஹிட்டாச்சி (மண் தோண்டும் இயந்திரம்) கிடைக்கிறது. ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலோர் "முழுசா ரெண்டடி தூர்வாரணும்" என்கிறார்கள். வேலையை எந்த வரிசையில் செய்வது? நன்கொடையாளர் மூன்று ஆண்டுக்கு அளவுகளோடு அறிக்கை கேட்கிறார். எதை எப்படி அளப்பது? இன்னொருவர் மண்ணை அவரே எடுத்துக்கொண்டு இலவசமாகத் தோண்டித் தருகிறேன் என்கிறார். அனுமதி கேட்டுப் பொதுப்பணித் துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம்.

கலுங்குக்கல்

முதலில் மனு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்களுடையது 90 ஏக்கர், அதாவது சுமார் 36 ஹெக்டேர். மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகட்டும். கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புலப்பட நகல் (நில அளவு வரைபடம்) இரண்டையும் வாங்கிவிடுங்கள். கண்மாய்க்கு மட்டும் வாங்கினால் போதாது. வரத்துக்கால் கடக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் வேண்டும். ஆவணத்தில் எத்தனை மீட்டர் அகலம், நிலத்தில் எத்தனை மீட்டர் என்று 50 மீட்டருக்கு ஓர் இடத்தில் நாடா பிடித்து எழுதுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் நில அளவர் கல் ஊன்றிய பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் நாள் தடை உத்தரவோடு ஒருவர் வந்து நிற்பார், வாடகை மட்டும் ஓடும்.

இப்போது "ரெண்டடி". 42 ஏக்கர் என்பது 1,70,000 சதுர மீட்டர். அதில் 60 செ.மீ. எடுத்தால் 1,02,000 கன மீட்டர். ஹிட்டாச்சி மணிக்கு 50 முதல் 60 கன மீட்டர் தோண்டும் என்று வைத்தால் 200 மணியில் 10,000 முதல் 12,000 கன மீட்டர்தான். முழுப் பரப்புக்கும் பரப்பினால் 7 செ.மீ. ஆழம். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும், அந்த 7 செ.மீ. இரண்டு வாரத்தில் காலி. இதில் டிப்பர் செலவை இன்னும் சேர்க்கவில்லை. ஹிட்டாச்சி தோண்டும், சுமக்காது.

வரத்துக்காலின் கணக்கு வேறு. ஐப்பசி கார்த்திகையில் மண் நனைந்த பிறகு 100 மி.மீ. மழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் 50,000 கன மீட்டர். கண்மாய் முழுக்க ஓரடி நீர். அந்தத் தண்ணீர் வழியிலேயே வேறு பக்கம் போவதால்தான் உங்கள் கண்மாய் பெருகவில்லை என்பது என் கணிப்பு. மழை பெய்யும்போது கால்வாயோடு நடந்து பாருங்கள், இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் சாலைப் பாலமாகத்தான் இருக்கும். சாலையை உயர்த்தும்போது 600 மி.மீ. குழாய் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அது நிறைந்து ஓடினாலும் நொடிக்கு அரை கன மீட்டரைத் தாண்டுவது அரிது. அதன் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட ஓரடி மேலே இருந்தால் சிறு மழை எதுவும் கண்மாய்க்கு வராது. அந்தக் குழாயை மாற்றாமல் கீழே எவ்வளவு வெட்டினாலும் வீண்.

கால்வாயைக் கண்ணளவில் தோண்ட விடாதீர்கள். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுத்து 30 மீட்டருக்கு ஒரு மட்டம் பாருங்கள். சரிவு ஆயிரத்துக்கு ஒன்று முதல் இரண்டாயிரத்துக்கு ஒன்று வரை அமைந்தால் போதும். இயந்திர ஓட்டுநர் நல்ல மண் கண்ட இடத்தில் ஆழமாகக் கரண்டி போடுவார். அங்கே குட்டை நிற்கும், சம்பு முளைக்கும், அடுத்த ஆண்டு அதுவே அடைப்பு. மூன்று மீட்டர் அகலம், சராசரி 60 செ.மீ. வண்டல் என்றால் மொத்தம் சுமார் 3,200 கன மீட்டர். 60 மணி நேரத்தில் முடியும்.

அடுத்தது கலுங்கு. தண்ணீர் வரத் தொடங்கினால் வெளியேறவும் வழி வேண்டும். நீர்ப்பிடிப்புப் பரப்பிலிருந்து வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் சூத்திரத்தில், கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, உங்கள் 5 சதுர கிலோமீட்டருக்கு உச்ச வெள்ளம் நொடிக்கு சுமார் 20 கன மீட்டர். கலுங்கின் மேல் 60 செ.மீ. நீர் ஓடினால் மீட்டர் நீளத்துக்கு 0.79 கன மீட்டர் போகும். ஆகவே 25 மீட்டர் நீளம் தேவை. உங்கள் கலுங்கு அதைவிடக் குட்டையாக இருந்தாலோ, அதன் வெளிவாய் மண்ணடித்துக் கிடந்தாலோ கரை உடையும். கலுங்கின் மேலிருக்கும் குத்துக்கற்களுக்கு நடுவே கான்கிரீட் போட்டு நிரந்தரமாக உயர்த்தும் யோசனை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உள்வாய்ப் பட்டா நிலம் முழுகும், கீழ்க் கண்மாய்க்காரர்களின் பங்கு குறையும், வெள்ள மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையிலான உயரம் சுருங்கும். கடைசி மழைக்குப் பிறகு கல்லிடுக்கில் புல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பதற்காகத்தான் முன்னோர் அந்தக் கற்களை நட்டார்கள்.

கரைக்கு 50 மணி. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிவிட்டு, 20 செ.மீ. அடுக்காக மண் போட்டு, நனைத்து, ரோலர் ஓட்ட வேண்டும். சும்மா கொட்டிய மண் முதல் பெருக்கிலேயே வழுக்கிவிடும். கரைக்கான மண்ணைக் கரையடியிலேயே தோண்டுவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. கரை உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி எடுங்கள். மடைக்கு முன்னால் 15 மணி. கருவேலத்துக்கு 50. மீதி 25-ஐ கையிருப்பாக வையுங்கள், முதல் மழையில் ஏதாவது ஒன்று வெளிப்படும். உள்வாயில் கல்லாலான குமிழித்தூம்பு (பழங்கால மடை அமைப்பு) இருந்தால் அருகே இயந்திரம் போக வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் பல தூம்புக் கற்களில் கல்வெட்டு உண்டு.

நீர்மருது

மேலே சொன்ன வரிசை சரி. கருவேலத்தில் மட்டும் சிறு திருத்தம். 50 மணியையும் உள்வாயில் செலவழிக்காதீர்கள். முதலில் வரத்துக்கால், கரை, மடை முகப்பு. உள்வாயில் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் பிடுங்கினால் கொக்கும் நாரையும் கூடு கட்ட மரமில்லாமல் போய்விடும். கூடு இருக்கும் தோப்பை அடையாளமிட்டு விட்டுவையுங்கள். நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் வளர்ந்து தாங்கும் வரை, ஐந்தாறு ஆண்டு, அது நிற்கட்டும்.

வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். கரையின் மேல் நிற்பதைப் பிடுங்கினால் அந்தக் குழியைக் களிமண்ணால் இடித்து நிரப்புங்கள். விட்டுவிட்டால் மட்கும் வேர்களின் வழியே தண்ணீர் கசியும். பிடுங்கிய பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. ஆடு மாடு தின்ற நெற்றிலிருந்து விதைகள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது நாற்றுகளைக் கையால் பிடுங்க மூன்று ஆண்டுக்குக் கூலி ஒதுக்குங்கள். இதற்குப் பணம் ஒதுக்காத கண்மாய்களில் பழையபடி காடாகிவிடுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் வெட்டிய தண்டைக் கரையிலேயே குவிக்காதீர்கள். துண்டு துண்டாக வேர்விடும்.

நடுவில் மண்திட்டு போடுவதானால் பக்கச் சரிவு உயரம் ஒன்றுக்குக் கிடையாக மூன்றாவது இருக்கட்டும். செங்குத்தாகக் குவித்த திட்டு இரண்டு மழையில் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். உள்வாயின் ஆழமில்லாத விளிம்பைத் தோண்டிச் சமன் செய்ய வேண்டாம். உள்ளான்களும் நெடுங்கால் உள்ளானும் இரை தேடுவது ஒரு சாண் தண்ணீரில்தான். சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டால் அந்த விளிம்பு முழுவதும் போய்விடும். அரிப்பைத் தடுக்கப் பதிக்கும் அலைகல் வேண்டியது அலை மோதும் கரையில் மட்டும்.

அளவுகோல்

கண்காணிப்பு பற்றி. இயந்திரம் இறங்கும் முன்பே தொடங்குங்கள். முன் நிலை தெரியாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து மழை நன்றாகப் பெய்ததா, உங்கள் வேலை பலித்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதே காரணத்துக்காகப் பக்கத்தில், ஏறக்குறைய இதே அளவில், வேலை எதுவும் நடக்காத ஒரு கண்மாயையும் சேர்த்து அளந்து வாருங்கள். இந்த ஒரு முடிவு உங்கள் அறிக்கையின் மதிப்பைப் பல மடங்கு உயர்த்தும்.

கண்மாய் வற்றியிருக்கும்போது 25 மீட்டர் கட்டமாக மட்டம் எடுங்கள், சுமார் 270 புள்ளிகள். அதிலிருந்து எந்த மட்டத்தில் எத்தனை கன மீட்டர் என்ற அட்டவணை கிடைக்கும். மடைக்கல்லில் செ.மீ. அளவுகோலைப் பெயிண்டில் எழுதி, பூஜ்யத்தை மடையின் அடிமட்டத்தில் வையுங்கள். நீர்க்கட்டி (மடை திறந்து நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர்) தினமும் காலை ஏழு மணிக்குக் குறிக்கட்டும். பக்கத்துப் பள்ளியில் ஒரு மழைமானி. இந்த மூன்றும் இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் எத்தனை விழுக்காடு கண்மாய் வந்து சேர்ந்தது என்று கணக்கிடலாம். வரத்துக்கால் வேலை பலித்ததா என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

மழையில்லாத, மடை மூடிய நாட்களில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று தனியாகப் பாருங்கள். 12 மி.மீ. இறங்கி, ஆவியாதல் 5 என்றால் கசிவு 7. தூர்வாரிய பின் அது திடீரென 15, 20 ஆனால் களிமண் அடுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது மடை ஒழுகுகிறது. கரையின் வெளிச்சரிவு அடியில் ஈரமிருக்கிறதா, மடைக்கு வெளியே சொட்டுகிறதா என்று பார்த்தால் எது என்று தெரியும். ஆயக்கட்டில் ஐந்து கிணறுகளின் நீர்மட்டம் மாதம் ஒருமுறை. மோட்டார் ஓடாத அதிகாலையில் அளக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், ஐந்து நாளுக்கு ஒன்று, 10 மீட்டர் துல்லியம். நீர்ப்பரப்பை 2016 வரை பின்னோக்கியே பார்க்கலாம், பக்கத்துக் கண்மாய்க்கும் சேர்த்து. மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ராடார் படம் உதவும். ஆனால் சம்பும் கோரையும் மூடிய நீரை இரண்டுமே சரியாகக் காட்டாது. மட்ட அளவோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள்.

ஆறு இடங்களில் கல் நட்டு, அதே கல்லிலிருந்து அதே திசையில் ஜனவரி, மே, செப்டம்பரில் படம் எடுங்கள். பறவைகளை ஜனவரியில் எண்ணினால் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு ஒத்துப்போகும். ஒவ்வோர் ஆண்டும் அதே நேரம், அதே இரண்டு இடங்கள். கழிவுநீர் வரும் சந்தேகம் இருந்தால் கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளங்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் கெட்ட நீரும் நல்ல எண் காட்டும்.

மேலமடை

மிக்க நன்றி. இலவசமாகத் தோண்டித் தருகிறேன் என்பவருக்கு என்ன சொல்வது? வரத்துக்கால் வேலைக்கு டீசல் செலவையும் அவரே ஏற்பதாகச் சொல்கிறார்.

கலுங்குக்கல்

வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது வண்டல் அல்ல, அடியிலிருக்கும் கிராவல். வண்டல் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நல்ல மண் கிடைக்கும் மூலையில் மூன்று மீட்டர் தோண்டுவார். அந்தக் குழி மடை மட்டத்துக்குக் கீழே என்பதால் பாசனத்துக்கு ஒரு சொட்டும் வராது. நீரைப் பிடித்துவைக்கும் களிமண் அடுக்கு போகும், குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

வண்டலை ஊர் விவசாயிகளே வயலுக்கு எடுக்கலாம், அதற்கு வட்டாட்சியர் அனுமதி வேண்டும். எடுக்கும் இடத்தைக் கயிறு கட்டி, ஆழத்தை மடையின் அடிமட்டத்தோடு நிறுத்துங்கள். தோண்டும் முன் நான்கைந்து இடத்தில் சிறு குழி போட்டு வண்டல் எத்தனை செ.மீ. என்று பாருங்கள், நிறமும் இறுக்கமும் மாறும் இடமே எல்லை. மாட்டுக்கும் மீனுக்கும் கோடையில் தண்ணீர் நிற்க, கரையிலிருந்து தள்ளி அரை ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழக் குட்டை ஒன்று மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம், அதுவும் அங்கே களிமண் கனமாக இருந்தால். வேலை எல்லாம் செப்டம்பர் முடிவுக்குள் முடியட்டும். கரையில் போட்ட மண் இறுக மழைக்கு முன் மூன்று வாரமாவது வேண்டும்.